ரிலையன்ஸ் கையில் இருந்த ராலி கேம்: 27 வருட ஓட்டம் திடீரென நின்றது ஏன்?

'ராலி' என்றதும் டெல்டா மாவட்டங்களில் சட்டென்று நினைவுக்கு வருவது டிராக்டர் பேரணிதான். காவிரித் தண்ணீருக்காக, நெல் விலைக்காக என்று பச்சைத் துண்டு போட்டு நடக்கும் பேரணி. ஆனால் கார் பந்தய ரசிகர்களுக்கு ராலி என்றால் வேறு உலகம். சேறு, புழுதி, பனி என்று எதையும் பார்க்காமல் காட்டுப் பாதையில் சீறிப் பாயும் கார்கள். அந்த உலகத்தை 1998 முதல் வீடியோ கேமாகக் கொடுத்து வந்த இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம், 2025 ஏப்ரல் 30 அன்று ஒரு அறிவிப்பை வெளியிட்டது. இனி புதிய ராலி கேம்களுக்கான பணிகள் இடைநிறுத்தம் என்பதுதான் அந்த அறிவிப்பு.

'எங்கேயோ இங்கிலாந்துல ஒரு கேமை நிறுத்துனா நமக்கென்ன?' என்று கேட்கலாம். இருக்கிறது. இந்த நிறுவனத்தில் பாதிக்கும் மேல் ஒரு காலத்தில் இந்தியாவின் ரிலையன்ஸ் குழுமத்துக்குச் சொந்தம். அது எப்படி வந்தது, எப்படிப் போனது, அதில் நமக்கு என்ன பாடம்? பார்க்கலாம்.

முதலில், ராலி பந்தயம்னா என்ன?

ஃபார்முலா 1 மாதிரி எல்லா காரும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே டிராக்கைச் சுற்றிச் சுற்றி வருவது ராலி கிடையாது. இங்கே கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக, இடைவெளி விட்டு அனுப்பப்படும். பக்கத்தில் போட்டியாளர் யாரும் இருக்க மாட்டார்கள். கடிகாரம்தான் எதிரி. 'ஸ்டேஜ்' எனப்படும் ஒவ்வொரு பாதையையும் யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, எல்லாவற்றையும் கூட்டி வெற்றியாளரை அறிவிப்பார்கள்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் கோ-டிரைவர். பந்தயத்துக்கு முன்பே அந்தப் பாதையில் மெதுவாகப் போய், எந்த வளைவு எவ்வளவு கூர்மை, எங்கே மேடு, எங்கே பாலம் என்று குறிப்பு எழுதிக்கொள்வார்கள். இதற்குப் பெயர் 'பேஸ் நோட்ஸ்'. பரவலான ஒரு முறையில் 1 என்றால் மிகக் கூர்மையான வளைவு, 6 என்றால் வேகம் குறைக்காமலே எடுத்துவிடக்கூடிய லேசான வளைவு. பந்தயத்தின்போது கோ-டிரைவர் அதை வாசித்துக்கொண்டே வருவார். ஓட்டுநர் கண்ணை விட காதைத்தான் அதிகம் நம்ப வேண்டும்.

ஸ்காட்லாந்து வீரர் பெயரில் தொடங்கிய கதை

கோட்மாஸ்டர்ஸ் 1986-ல் டார்லிங் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. வீட்டுக் கணினிகளுக்கு மலிவு விலை கேம்கள் விற்று வளர்ந்த நிறுவனம். 1998-ல் அவர்கள் வெளியிட்ட கேம்தான் 'கொலின் மெக்ரே ராலி'.

யார் இந்த கொலின் மெக்ரே? ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர். 1995-ல், 27 வயதில், சுபாரு காரில் உலக ராலி சாம்பியன் ஆனவர். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பிரிட்டன் வீரர் அவர்தான். யோசிக்காமல் பாய்கிற ஓட்டுநர் என்று பெயர் எடுத்தவர். கேமில் கோ-டிரைவர் குரலாக ஒலித்ததும், நிஜத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நிக்கி கிரிஸ்ட்தான்.

பிளேஸ்டேஷனிலும் பிசியிலும் வந்த அந்த கேம் பெரிய வெற்றி. 2000-ல் இரண்டாம் பாகம், 2002-ல் மூன்றாம் பாகம், அதன்பின் 2003, 2004-லும் அடுத்தடுத்த பாகங்கள். நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்களில் ரோடு ராஷும் நீட் ஃபார் ஸ்பீடும் கோலோச்சிய காலம் அது. நீட் ஃபார் ஸ்பீடில் நைட்ரோ அழுத்தினால் போதும். மெக்ரே கேமில் பிரேக் பிடிக்கும் நேரம் அரை நொடி தவறினால் கார் மரத்தில். அந்தக் கறார்தான் அதன் அடையாளம்.

பெயர் போனது, 'டர்ட்' வந்தது

2007 ஜூனில் தொடர் புது அவதாரம் எடுத்தது. பெயர் 'டர்ட்', அதாவது மண், புழுதி. ஐரோப்பாவில் முன்னால் கொலின் மெக்ரே பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. கேம் வெளியாகி மூன்று மாதம்தான். 2007 செப்டம்பர் 15 அன்று ஸ்காட்லாந்தில் தன் வீட்டருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் மெக்ரே உயிரிழந்தார். அவருடைய 5 வயது மகன் உட்பட உடன் இருந்த மூவரும் பலியானார்கள்.

2009-ல் வந்த இரண்டாம் 'டர்ட்' கேமில் அவருக்கு அஞ்சலி இடம்பெற்றது. 2011-ல் மூன்றாம் பாகம் வந்தபோது அவர் பெயர் அட்டையில் இல்லை. 'டர்ட்' தன் சொந்தக் காலில் நின்றுவிட்டது.

அதன் பிறகு முக்கியமான மைல்கற்கள்:

- 2015: 'டர்ட் ராலி'. ஆடம்பரங்களைக் கழற்றிவிட்டு, பழைய கறாருக்கே திரும்பிய கேம். முழுமையாக முடியும் முன்பே ரசிகர்களிடம் கொடுத்து, கருத்து கேட்டு மெருகேற்றினார்கள்.
- 2017: 'டர்ட் 4'. ராலி பாதைகளை கேமே புதிது புதிதாக உருவாக்கித் தரும் வசதி.
- 2019: 'டர்ட் ராலி 2.0'. முன்னால் போன கார்கள் பாதையைக் கிளறிவிட, பின்னால் வருபவருக்கு அதே பாதை வேறாக இருக்கும். மழை பெய்த மண் ரோட்டில் முதல் டிராக்டர் போன பிறகு பைக் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.
- 2020: 'டர்ட் 5'. கறாரைக் குறைத்து, கலர்ஃபுல்லான ஜாலி பந்தயமாக வந்தது.

சரி, இதுல ரிலையன்ஸ் எங்கே வந்துச்சு?

2010 ஏப்ரல். அனில் அம்பானி குழுமத்தின் ரிலையன்ஸ் பிக் என்டர்டெயின்மென்ட், கோட்மாஸ்டர்ஸின் 50 சதவீதப் பங்குகளை வாங்கியது. ஹாலிவுட்டில் ஸ்பீல்பெர்க்கின் ட்ரீம்வொர்க்ஸில் முதலீடு செய்து அந்தக் குழுமம் பெரிதாகப் பேசப்பட்ட காலகட்டம் அது. பிறகு 2013-ல் கோட்மாஸ்டர்ஸில் தன் பங்கை 60 சதவீதத்துக்கு மேல் உயர்த்திக்கொண்டது.

அதாவது டர்ட் 3, டர்ட் ராலி, டர்ட் 4 வெளிவந்த நேரத்தில் கோட்மாஸ்டர்ஸின் பெரிய பங்குதாரர் ஒரு இந்திய நிறுவனம். உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ள ஒரு கேம் தொடர், மும்பையில் இருந்த முதலாளியின் கையில். நம்மில் பலருக்கு இது தெரியவே தெரியாது. தெரியும்படி எதுவும் நடக்கவும் இல்லை.

இந்தியா அந்த கேம்களுக்குள் வந்ததா என்றால், ராலியில் வரவில்லை. பின்லாந்து, வேல்ஸ், கிரீஸ், கென்யா, மலேசியா, மொராக்கோ, ஏன், 'டர்ட் 5'-ல் நேபாளம் கூட வந்துவிட்டது. இந்தியப் பாதை ஒன்று கூட இல்லை.

ஆனால் இதே நிறுவனம் செய்த ஃபார்முலா 1 கேமில் இந்தியா இருந்தது. 2011 முதல் 2013 வரையிலான பதிப்புகளில் டெல்லி அருகே உள்ள புத் சர்க்யூட் இடம்பெற்றது. 2011, 2012 பதிப்புகளில் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனாகவே நீங்கள் கார் ஓட்டலாம். இதெல்லாம் முதலாளி இந்தியர் என்பதால் வந்ததல்ல. அந்த வருடங்களில் இந்தியாவில் நிஜமாகவே ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது, நரேன் நிஜமாகவே ஓட்டினார். பந்தயம் நின்றதும் அடுத்த பதிப்பிலிருந்து இந்தியா காணாமல் போனது. உலக ராலி சாம்பியன்ஷிப் பந்தயம் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

இத்தனைக்கும் இங்கே ராலி இல்லாமல் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்ஆர்எஃப் அணிக்காக ஓட்டிய கௌரவ் கில், 2013, 2016, 2017 என மூன்று முறை ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் ஆனவர். 2019-ல் அர்ஜுனா விருது பெற்ற முதல் மோட்டார் பந்தய வீரரும் அவரே.

200 பென்ஸுக்கு விற்றது, 604 பென்ஸுக்குப் போனது

2018 ஜூனில் கோட்மாஸ்டர்ஸ் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஒரு பங்கு 200 பென்ஸ். மொத்த மதிப்பு சுமார் 28 கோடி பவுண்ட். அந்த வெளியீட்டிலேயே ரிலையன்ஸ் தன் பங்கில் பெரும்பகுதியை விற்றது. கையிருப்பு 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதன்பின் மீதியையும் அடுத்தடுத்துக் குறைத்துக்கொண்டது. அனில் அம்பானி குழும நிறுவனங்கள் கடன் சுமையில் திணறிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் ட்விஸ்ட். 2020 நவம்பரில் அமெரிக்காவின் டேக்-டூ நிறுவனம் கோட்மாஸ்டர்ஸை வாங்க ஒப்பந்தம் போட்டது. டிசம்பரில் குறுக்கே வந்த இஏ, அதாவது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், ஒரு பங்குக்கு 604 பென்ஸ் தருவதாகச் சொன்னது. மொத்தம் சுமார் 120 கோடி டாலர். 2021 பிப்ரவரியில் கை மாறியது.

இரண்டரை வருடத்தில் மூன்று மடங்கு. அறுவடைக்கு முன்பே வயலை விற்றுவிட்ட கதைதான்.

குத்தகை நிலம், சொந்த நிலம்: லைசென்ஸ் எப்படி வேலை செய்யும்?

இந்தத் தொடர் ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொள்ள 'லைசென்ஸ்' என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு வார்த்தை போதும்: குத்தகை.

கேமில் வரும் சுபாரு கார், ஃபோர்டு கார், வீரரின் பெயர், உலக ராலி சாம்பியன்ஷிப்பின் லோகோ எல்லாமே வேறொருவர் சொத்து. கேம் நிறுவனம் அதைக் காலக்கெடு போட்டு, பணம் கொடுத்துப் பயன்படுத்துகிறது. உழுவது, விதைப்பது, களை எடுப்பது எல்லாம் கேம் நிறுவனம். நிலம் மட்டும் அவர்களுடையது இல்லை.

உலக ராலி சாம்பியன்ஷிப்பின் அதிகாரபூர்வ கேம் இப்படித்தான் பல கைகள் மாறியது. 2000-களின் முதல் பாதியில் சோனிக்காக எவல்யூஷன் ஸ்டுடியோஸ், பிறகு இத்தாலியின் மைல்ஸ்டோன், பிறகு பிரான்ஸின் கைலோட்டன். கோட்மாஸ்டர்ஸ் அத்தனை காலமும் அந்தக் குத்தகை இல்லாமலேயே பிழைத்தது. காரணம், 'டர்ட்' அவர்களுடைய சொந்தப் பெயர். கேமை இயக்கிய 'ஈகோ' எஞ்சினும் அவர்கள் சொந்தமாக உருவாக்கியது. கார்களுக்கு மட்டும் அனுமதி வாங்கினால் போதும்.

2020-ல் கணக்கு மாறியது. 2023 முதல் 2027 வரையிலான சாம்பியன்ஷிப் லைசென்ஸை கோட்மாஸ்டர்ஸ் பெற்றது. அதன் பலனாக 2023 நவம்பரில் 'இஏ ஸ்போர்ட்ஸ் டபிள்யூஆர்சி' வெளியானது. 78 கார்கள், 200-க்கும் மேற்பட்ட ஸ்டேஜ்கள். சில ஸ்டேஜ்கள் 30 கிலோமீட்டருக்கும் மேல். தஞ்சாவூரில் கிளம்பினால் பாபநாசத்தைத் தாண்டிவிடும் தூரம், ஒரே மூச்சில். இவ்வளவு நீளப் பாதைக்காகச் சொந்த எஞ்சினை விட்டுவிட்டு அன்ரியல் எஞ்சினுக்கு மாறினார்கள்.

பெயர் குத்தகை. லோகோ குத்தகை. இப்போது எஞ்சினும் அடுத்தவருடையது. கேம் வந்த புதிதில் பிசியில் படம் திக்கித் திக்கி ஓடுவதாகப் புகார்கள் குவிந்தன. அதைச் சரி செய்யவே மாதங்கள் போயின. 'டர்ட்' என்ற சொந்த வயல் தரிசாகக் கிடந்தது. குத்தகை வயலிலும் 2025 ஏப்ரலோடு உழவு நின்றது. ஐந்து வருடக் குத்தகையில் பாதி கூட முடியவில்லை.

அதே நாட்களில் இஏ முழுவதும் சுமார் 300 பேர் வேலை இழந்ததாகச் செய்திகள் வந்தன. சாம்பியன்ஷிப் தரப்போ, தங்கள் கேம் புதிய பாதையில் செல்லும் என்று மட்டும் சொன்னது. நிலக்காரருக்கு அடுத்த குத்தகைதாரர் கிடைப்பார். இருபது வருடமாக மண்ணைப் பழகிய கைகள்தான் கலைந்துபோகும்.

அதோடு கதை முடியவில்லை. 2025 செப்டம்பர் 29 அன்று இஏ நிறுவனத்தையே சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியும் இரண்டு அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. 'டர்ட்' என்ற பெயரும் அந்த மூட்டைக்குள்ளேதான் இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கின கேம் நம்முடையதா?

இங்கேதான் சாதாரண ரசிகருக்கு உறைக்கும் விஷயம் வருகிறது. டிவிடியில் வாங்கிய காலத்தில், கேம் உங்கள் அலமாரியில் இருக்கும். இப்போது ஆன்லைன் ஸ்டோரில் 'வாங்கு' என்று அழுத்தும்போது நீங்கள் வாங்குவது கேமை அல்ல, அதை விளையாடும் அனுமதியை. ஆமாம், நாமும் குத்தகைதாரர்தான்.

லைசென்ஸ் காலம் முடியும்போது கேமைப் புதிதாக விற்க முடியாது. 'டர்ட் 2', 'டர்ட் 3' போன்றவை இப்படி ஆன்லைன் ஸ்டோர் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டவைதான். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அது நூலகத்தில் இருக்கும். ஆனால் சர்வரை நம்பி ஓடும் கேம் என்றால் அந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு உதாரணமும் ஒரு கார் கேம்தான். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று மூடப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பிறகு விளையாட முடியவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற இயக்கம். ஐரோப்பிய யூனியனில் அவர்கள் தொடங்கிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 'நீங்கள் வாங்குவது வெறும் லைசென்ஸ்தான்' என்று விற்பனைப் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது.

ஆகவே பெரிய தொகை கொடுத்து ஒரு கேம் வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். இணையம் இல்லாமல் ஓடுமா? நிறுவனம் கைவிட்டாலும் விளையாட முடியுமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், அது வாடகை என்று நினைத்துக்கொண்டு காசு கொடுங்கள்.

டெல்டா ரோடு ஒன்று கேமில் வந்தால் எப்படி இருக்கும்?

கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கலாம். கல்லணையில் தொடங்கி, திருக்காட்டுப்பள்ளி வழியாக ஆற்றங்கரை ரோட்டில் ஒரு ஸ்டேஜ். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளத்தில் வயல். மலை கிடையாது, ஆனால் தப்பிக்க இடமும் கிடையாது. கோ-டிரைவர் வாசிப்பு இப்படிப் போகும்: "வலது 4, மதகு, குறுகல். நேர் 100. இடது 2, வாய்க்கால் ஓரம், உள்ளே வெட்டாதே. நேர் 300, பாதி ரோட்டில் நெல்."

குறுவை அறுவடை சமயத்தில் இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், கடைசி வரி கற்பனை இல்லை. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல் திரும்பிவிடுமோ என்ற பயத்தில், விவசாயிகள் தார் ரோட்டின் பாதியில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து அடையாளம் காட்டியிருப்பார்கள்.

இப்படி ஒரு பாதையை இங்கிலாந்தில் இருக்கும் ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து உருவாக்க முடியுமா? ரோட்டின் கோட்டை வரையலாம். அந்த நெல்லும், கல்லும், மதகில் எதிரே வரும் டவுன் பஸ்ஸுக்கு யார் ஒதுங்குவது என்ற கணக்கும் இங்கே வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். பின்லாந்து ஸ்டேஜ்களும் வேல்ஸ் காடுகளும் இந்தத் தொடரில் உயிரோடு இருந்தன என்றால், உருவாக்கியவர்கள் அந்த மண்ணைக் கவனித்தார்கள் என்பதுதான் காரணம்.

அதற்கான ஆட்கள் இங்கே இல்லையா? கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சுவாமிமலையில் தலைமுறைகளாக மெழுகில் உருவம் பிடித்து உலோகத்தில் வார்க்கும் சிற்பிகள் இருக்கிறார்கள். 3டி மாடலிங் என்பதும் அடிப்படையில் உருவம் பிடிக்கும் வேலைதான். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் நியோ டைடல் பூங்காவும் திறந்தாகிவிட்டது. கட்டடமும் இருக்கிறது, கையும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும் ஸ்டுடியோதான் வேண்டும்.

இனி என்ன?

'இடைநிறுத்தம்' என்ற வார்த்தைக்கு 'நிரந்தரமாக முடிந்தது' என்று அர்த்தம் இல்லை. பெயர் இருக்கிறது, ரசிகர்கள் இருக்கிறார்கள். நாளைக்கே ஒரு நிர்வாகி மனது வைத்தால் 'டர்ட்' திரும்ப வரலாம். ஆனால் கலைந்துபோன குழுவை அறிவிப்பு போட்டுத் திரும்பக் கூட்ட முடியாது.

ரிலையன்ஸ் கதையில் நமக்கான பாடமும் அதுவே. எட்டு வருடம் கோட்மாஸ்டர்ஸின் பாதிக்கும் குறையாத பங்கு இந்தியர் கையில் இருந்தது. வெளியூரில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நெல் கணக்கு பார்க்கும் மிராசுதார் போல, நல்ல விலை வந்ததும் விற்றாயிற்று. வியாபாரமாகப் பார்த்தால் அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்திரத்தில் பெயர் இருப்பது வேறு, உழத் தெரிந்திருப்பது வேறு. இந்தியாவில் அடுத்த கேம் நிறுவனத்தை யார் வாங்குகிறார்கள் என்பதை விட, இங்கே எத்தனை பேர் கேம் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். டெல்டா ரோடு கேமில் வரும் நாள் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.